கிரானைட்டுக்கு அடியில் ஒட்டிய சிங்க் கழன்று தொங்குது: கல்லைத் தூக்கணுமா, கீழே முட்டுக் கொடுத்தாப் போதுமா?

#1 மூணாவதுமாடி | வியாழன் இரவு

வணக்கம் மக்களே. தாம்பரம் பக்கம் ஒரு அபார்ட்மென்ட், குடி வந்து ஆறு வருஷம். சமையல் மேடை கருப்பு கிரானைட், கீழே பிளைவுட் பாக்ஸ். சிங்க் கல்லுக்கு மேல உட்கார்ற வகை இல்லை, அடியில ஒட்டுற வகை, அண்டர்மவுன்ட்னு சொல்வாங்க. எஸ்.எஸ். ஒத்தைத் தொட்டி, 24-க்கு 18 அங்குலம், ஆழம் 9.

நேத்து டேங்க் கழுவுறாங்க, நாள் முழுக்கத் தண்ணி வராதுன்னு வாட்ஸாப் குரூப்பில போட்டிருந்தாங்க. அம்மா முந்தின ராத்திரியே குடம், வாளி, குக்கர்னு எல்லாத்திலயும் பிடிச்சு வெச்சாங்க. அதோட நிக்காம சிங்க் ஓட்டையை அடைச்சு, அதையும் விளிம்பு வரைக்கும் நிரப்பிட்டாங்க. விடியக்காலம் மூணு மணி இருக்கும், டொம்முனு ஒரு சத்தம். பூனைன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன். காலையில பார்த்தா கீழ் அலமாரியில வெங்காயக் கூடை மிதக்குது.

முன்பக்கம் முழுசா கல்லை விட்டு இறங்கிடுச்சு. வலது மூலையில என் சுண்டுவிரல் உள்ள போகுது. பின்பக்கம் மட்டும் இன்னும் பிடிச்சிட்டிருக்கு. இப்போதைக்கு இட்லிப் பானையைக் கவிழ்த்து, அது மேல பழைய பேப்பர் கட்டு ரெண்டு வெச்சு முட்டுக் கொடுத்திருக்கேன்.

கார்பென்டர் வந்து பார்த்துட்டு, "கிரானைட்டைத் தூக்காம ஒண்ணும் பண்ண முடியாது சார்"னு சொல்றார். பிளம்பர், "மேல சுத்தி சிலிக்கான் அடிச்சிடலாம், அரை மணி நேர வேலை"ன்றார். ஒருத்தர் சொல்றது இருபதாயிரம் செலவு, இன்னொருத்தர் சொல்றது ஐந்நூறு. நடுவுல ஏதாவது வழி இருக்கா?

#2 அவசரக்குடுக்கை | வியாழன் இரவு

எம்-சீல் நாலு பாக்கெட் வாங்கிப் பிசைஞ்சு சுத்தி அப்புங்க ப்ரோ. கல்லு மாதிரி இறுகிடும். எங்க வீட்டு வாட்டர் டேங்க் ஓட்டையே அதுலதான் நிக்குது.

#3 அடுப்பங்கரை | வியாழன் இரவு

தம்பி, முதல்ல அம்மாவை எதுவும் சொல்லாதீங்க. தண்ணி வராத நாள்ல சிங்க்கை நிரப்பி வைக்கிறது எங்க வீட்லயும் உண்டு. சிங்க்குன்னா தண்ணி தாங்கணும், அவ்வளவுதான்.

#2 சொன்ன வைத்தியத்தை நான் பண்ணிப் பார்த்தாச்சு. மூணே மாசம். கிரைண்டர் கல்லைக் கழுவப் போட்ட அன்னைக்கு, எம்-சீல் அப்படியே பட்டை பட்டையா உரிஞ்சு, பொரிவிளங்கா உருண்டை உடைஞ்ச மாதிரி டஸ்ட்பின்ல விழுந்துச்சு. ஓட்டை அடைக்கிறது வேற, தொங்குறதைத் தூக்கிப் பிடிக்கிறது வேற.

#4 கல்தச்சன் | வெள்ளி காலை

கிருஷ்ணகிரி பக்கம். 17 வருசமா கிரானைட் வேலைதான்.

மேடை எப்படிப் போட்டிருக்குன்னு முதல்ல தெரியணும். பழைய வீட்டு மேடைன்னா கடப்பாக்கல் கால் நிறுத்தி, அது மேல கடப்பாப் பலகை, அதுக்கு மேல கிரானைட். கடப்பாவுல சிங்க் அளவுக்கு வெட்டி, விளிம்பை அது மேல உட்கார வெச்சு, மேல கிரானைட்டைப் போட்டு மூடுவோம். சாண்ட்விச் மாதிரி. அந்த சிங்க் சாகிற வரைக்கும் இறங்காது. ஆனா மாத்தணும்னா கார்பென்டர் சொல்ற மாதிரி கல்லைத் தூக்கித்தான் ஆகணும்.

உங்களுது மாடுலர் பாக்ஸ் மேல கல்லு மட்டும் படுத்திருக்கு. கடப்பா கிடையாது. சிங்க் அடியில வெறும் பசையில தொங்குது. அதனால கல்லைத் தூக்க வேண்டாம். கீழேருந்தே கழட்டலாம், கீழேருந்தே மாட்டலாம். இருபதாயிரத்தை அப்படியே வையுங்க.

ரெண்டு சோதனை செஞ்சு பார்த்துட்டு சொல்லுங்க. ஒண்ணு, விசிட்டிங் கார்டு ஒண்ணை எடுத்து, கல்லுக்கும் சிங்க்குக்கும் நடுவுல சுத்தி வர நுழைச்சுப் பாருங்க. எங்கெங்க நுழையுதோ அங்க ஒரு டேப் துண்டு ஒட்டுங்க. ரெண்டாவது, உரிஞ்சு வந்த சிலிக்கான் துண்டு இருந்தா அதோட ரெண்டு பக்கத்தையும் தடவிப் பாருங்க. அதுல பாதிக் கதை இருக்கும்.

அப்புறம் ஒண்ணு. சிங்க்குக்கு முன்னாடி இருக்கிற கல்லு பட்டை மூணு அங்குலம்தான் இருக்கும். மொத்த மேடையில பலவீனமான இடம் அதுதான். டார்ச் அடிச்சு அடியில விரிசல் இருக்கான்னு பாருங்க. அதைப் பிடிச்சிக்கிட்டு அலமாரிக்குள்ள குனியாதீங்க, எழுந்திரிக்காதீங்க.

#5 மூணாவதுமாடி | வெள்ளி இரவு

கார்டு முன்பக்கம் முழுக்க நுழையுது. இடது பக்கம் பாதி வரைக்கும் நுழையுது. வலது பக்கம் மூணு விரற்கடை மட்டும் பிடிச்சிருக்கு. பின்பக்கம் கெட்டி. கல்லுல விரிசல் இல்லை.

சிலிக்கான் துண்டு ஒரு முழ நீளத்துக்கு ரிப்பன் மாதிரி கையோட வந்துச்சு. சிங்க் பக்கம் இருந்த முகம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, பிய்க்கவே கஷ்டப்பட்டேன். கல்லுப் பக்கம் இருந்த முகத்துல சாம்பல் நிறத்துல மாவு. விரல்ல தேய்ச்சா திருநீறு எடுத்த மாதிரி ஒட்டுது. கல்லோட அடியைத் தடவினாலும் அதே மாவு. நெத்தியில பூசிக்காத குறைதான்.

#6 கல்தச்சன் | வெள்ளி இரவு

அதேதான். கல்லு வெட்டின சேறு அது. சைட்ல தண்ணி ஊத்தி கட்டிங் மெஷின்ல ஓட்டை போடுறப்ப கல்லுப்பொடி கரைஞ்சு அடியில வழிஞ்சு காயும். மேல்பக்கம் பாலிஷ், எல்லாரும் துடைப்பாங்க. அடிப்பக்கத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. ஃபிட்டர் அந்தப் பொடி மேலேயே சிலிக்கானை வெச்சு சிங்க்கை அமுக்கிட்டுப் போயிட்டார். உங்க சிங்க் ஆறு வருசமா கல்லுல ஒட்டவே இல்லை, தூசியில ஒட்டியிருந்துச்சு.

என் தொழில்காரங்களை நானே குறை சொல்றேன், என்ன பண்ண. ஒரே நாள்ல மூணு வீடு முடிக்கணும்னா இப்படித்தான்.

#7 கண்ணாடிச்சுவர் | சனி காலை

துபாயில் கட்டடங்களுக்குக் கண்ணாடி முகப்பு போடும் வேலையில் இருக்கிறேன். சிலிக்கானோடுதான் பிழைப்பு. #6 சொன்னது சரி. ஆனால் தூசி இல்லாமல் ஒட்டியிருந்தாலும் அன்று இரவு என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

24 × 18 × 9 என்றால் 3,888 கன அங்குலம். ஏறக்குறைய 64 லிட்டர். மூலை வளைவைக் கழித்தாலும் 60 கிலோவுக்குக் குறையாது. தொட்டியின் சொந்த எடை ஐந்தாறு கிலோ.

இனி பசை. சுற்றளவு 84 அங்குலம், அதாவது 213 செ.மீ. ஒரு செ.மீ. அகலத்துக்கு ஒட்டியிருந்தால் 213 சதுர செ.மீ. நல்ல சிலிக்கானைச் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பிய்க்க, சதுர செ.மீ.க்குச் சுமார் 10 கிலோ வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் சிங்க் 2 டன் தாங்கும்! இதை நம்பித்தான் எல்லோரும் "சிலிக்கான் போதும்" என்கிறார்கள்.

ஆனால் எங்கள் வேலையில் அந்த எண்ணை யாரும் தொடுவதில்லை. காற்று போல வந்து போகும் விசைக்கு, சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு வரை ஏற்றுக்கொள்வோம். கண்ணாடியின் சொந்த எடை போல இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும் சுமைக்குப் பொதுவாக 1 பவுண்டுதான். ஏனென்றால் சிலிக்கான் ரப்பர் இனம். நிற்காத சுமையின் கீழ் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். 213 சதுர செ.மீ. என்பது 33 சதுர அங்குலம். ஆக 33 பவுண்டு, 15 கிலோ.

வெறும் தொட்டியும் நாலு தட்டும் என்றால் 15 கிலோவுக்குள் அடங்கும், பிரச்சினை இல்லை. ராத்திரி முழுக்க 65 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டால் அது பசை செய்ய வேண்டிய வேலை இல்லை. அதோடு ஒரு மூலை விட்டுவிட்டால் மொத்தச் சுமையும் அடுத்த அங்குலத்துக்கு மாறும். செல்லோடேப்பை ஓரத்திலிருந்து உரிப்பது போல வரிசையாக வரும்.

#8 அவசரக்குடுக்கை | சனி காலை

அப்போ உலகத்துல உள்ள அண்டர்மவுன்ட் சிங்க் எல்லாம் விழுந்திருக்கணுமே சார்? எங்க மாமா வீட்ல பத்து வருஷமா நிக்குது.

#9 கண்ணாடிச்சுவர் | சனி மதியம்

மாமா வீட்டில் யாரும் நிரப்பி வைக்கவில்லை, அல்லது சிங்க்கைக் கல்லோடு பிடித்துக்கொள்ளும் கிளிப் அடியில் இருக்கிறது. குனிந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

#10 ஸ்காபரோமாமி | சனி மாலை

என்ர குசினியிலயும் இதே கூத்துத்தான் நடந்தது. இங்க குவார்ட்ஸ் கல்லு. சிங்க் வாங்கேக்க பெட்டிக்குள்ள கிளிப் எல்லாம் வந்தது. பூட்டின ஆக்கள் நாலே நாலு போட்டிட்டு மிச்சத்தை லாச்சிக்குள்ள வைச்சிட்டுப் போட்டினம்.

நானும் இவரும் சேர்ந்துதான் சரிக்கட்டினனாங்கள். சிங்க்கைத் தூக்கிப் பிடிக்கிறதுதான் பெரிய பாடு. கீழ படுத்துக்கொண்டு ஒரு கையால தூக்கி மற்றக் கையால பசை பூச ஏலாது. நாங்கள் செய்தது என்னெண்டால், ஒரு நீட்டுப் பலகையை சிங்க்குக்குக் குறுக்கால கல்லுக்கு மேல வைச்சு, கல்லு கீறாமல் கீழ துவாய் போட்டு, தண்ணி போற ஓட்டைக்குள்ளால ஒரு கிளாம்பை விட்டு, அடியில ஒரு மரத்துண்டு குடுத்து இறுக்கினது. இறுக்க இறுக்க சிங்க் தன்பாட்டில மேல வரும். ஒரு நாள் முழுக்க அப்பிடியே விட்டனாங்கள். சமையல் இல்லை, கடைச் சாப்பாடு. பிள்ளையளுக்குக் கொண்டாட்டம்.

கவனம், மெல்ல மெல்ல இறுக்க வேணும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் திருப்பி இறக்கிப் போட்டுத் தொடங்குங்கோ.

#11 மூணாவதுமாடி | சனி இரவு

மாமி, அருமை. இந்த ஓட்டை ஐடியா எனக்குத் தோணவே இல்லை. நான் கார் ஜாக்கியைக் கீழே வெச்சுத் தூக்கலாம்னு இருந்தேன்.

#12 கல்தச்சன் | சனி இரவு

ஜாக்கி வேண்டாங்க. ஜாக்கிக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாது. நீங்க அரை சுத்து கூட சுத்துனா, முன்னாடி இருக்கிற மூணு அங்குலப் பட்டை டக்குனு போயிடும். அப்புறம் நிஜமாவே கல்லை மாத்தணும். அந்த அம்மா சொன்ன மாதிரி ஓட்டை வழியா இழுங்க. கிளாம்ப் இல்லைன்னா 10 மி.மீ. த்ரெட் ராடு (மரை போட்ட கம்பி) ஒண்ணு, நட்டு, பெரிய வாஷர் போதும். ஹார்டுவேர் கடையில கிடைக்கும்.

கிளிப் விசயம். கல்லுல டிரில் போட்டு மாட்டுற கிளிப்பைப் புதுசா செய்றவங்க தொடாதீங்க. உங்க கல்லு 18 மி.மீ. இருக்கும். ஹேமர் மோடுல வெச்சு அடியிலேருந்து குடைஞ்சா ஓட்டையைச் சுத்தி செதில் தெறிக்கும், இல்லைன்னா மேல வரைக்கும் வந்து நிக்கும். டைமண்ட் பிட், ஹேமர் இல்லாம, தண்ணி விட்டுக்கிட்டே, 10 மி.மீ. ஆழத்தோட நிறுத்தணும். தலைக்கு மேல கை வெச்சு, மூஞ்சியில தண்ணி சொட்ட. நானே யோசிப்பேன்.

ஒட்டுற வகை இருக்கு. தட்டையான தகடுல போல்ட் நிக்கும், தகட்டைக் கல்லுல எபாக்ஸி போட்டு ஒட்டி, காய்ஞ்ச பிறகு கிளிப்பை மாட்டி நட்டு முடுக்கணும். கல்லோட அடி சொரசொரன்னு இருக்கிறதால நல்லாப் பிடிக்கும், பொடி இல்லாம இருந்தா. அஞ்சு நிமிசத்துல காயுற எபாக்ஸி வேண்டாம். ராத்திரி முழுக்கக் காயுற சாதாரண அரால்டைட் வகைதான் ஈரத்துக்கும் சூட்டுக்கும் நிக்கும்.

#13 பைப்புக்காரர் | ஞாயிறு காலை

நான் மேல சுத்தி சிலிக்கான் அடிக்கிற ஆள் இல்லை, முதல்லயே சொல்லிடறேன்.

எல்லாரும் மேலேயே ஒட்டுறதைப் பத்திப் பேசுறீங்க. பாக்ஸ் இருக்குல்ல? ரெண்டு பக்கமும் 18 மி.மீ. பிளை நிக்குதுல்ல? 25-க்கு 25, 3 மி.மீ. தடிமன்ல எல் ஆங்கிள் (எல் வடிவ இரும்புப் பட்டை) ரெண்டு துண்டு வெட்டுங்க. ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி, இடமிருந்து வலம். சிங்க் விளிம்புக்கு நேர் கீழ வரணும். தொட்டிக்கு அடியில கொடுக்காதீங்க, விளிம்புக்குத்தான். நாலு முனைக்கும் கீழ பிளைத் துண்டுல கால் கொடுங்க. கால் பாக்ஸ் தரையில நிக்கட்டும். ஸ்க்ரூ போட்டு ஆங்கிளைப் பக்கச் சுவர்ல தொங்க விட்டா, அப்புறம் ஸ்க்ரூவை நம்பணும். கால் இருந்தா எடை நேரா தரைக்குப் போயிடும். சிலிக்கானுக்குத் தண்ணி கசியாமப் பார்த்துக்கிற வேலை மட்டும்தான் மிச்சம்.

அலமாரியில நாலு இஞ்ச் இடம் போகும். டஸ்ட்பின்னை வேற இடத்துல வையுங்க.

அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணு. பக்கத்துக் கதவுக்குள்ள கேஸ் சிலிண்டர் இருக்கா? இருந்தா முதல் வேலை ரெகுலேட்டரைக் கழட்டி, சிலிண்டரை பால்கனிக்குத் தள்ளுறது. கல்லைத் துடைக்கத் தின்னரோ அசிட்டோனோ எடுப்பீங்க. அந்த ஆவி அலமாரிக்குள்ள தேங்கி நிக்கும். ஒரு பொறி போதும். ஜன்னல் திறந்து, ஃபேன் வெளிய வெச்சு, சாமி விளக்கையும் அணைச்சிட்டு செய்யுங்க.

#14 கல்தச்சன் | ஞாயிறு காலை

இவர் சொல்றதுதான் சரி. கிளிப்பை விட ஆங்கிள் மேல். நான் கல்லுக்காரன், கல்லுலயே பிடிக்கப் பார்த்தேன்.

#15 அடுப்பங்கரை | ஞாயிறு மதியம்

இரும்பு ஆங்கிள்னா துருப்பிடிக்குமே? சிங்க்குக்கு அடியில எப்பவும் நசநசன்னுதான் இருக்கும்.

#16 பைப்புக்காரர் | ஞாயிறு மதியம்

ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேல பெயின்ட் ரெண்டு கோட்மா. காசு இருந்தா எஸ்.எஸ். ஆங்கிள். அலுமினியம் கூடப் போதும், கொஞ்சம் தடிமனா எடுக்கணும்.

#17 மூணாவதுமாடி | அடுத்த வியாழன் இரவு

முடிச்சாச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், யாருக்காவது உதவும்.

சனிக்கிழமை தொடங்கலாம்னு இருந்தேன், அம்மா பாத்ரூம்ல பாத்திரம் கழுவறதைப் பார்க்க முடியாம திங்கள் லீவு போட்டேன். சிலிண்டர் பால்கனிக்கு. கதவு ரெண்டையும் கீலோட கழட்டினேன். இல்லைன்னா உள்ள தோளே நுழையாது. வேஸ்ட் கப்ளிங், பைப் ரெண்டையும் எடுத்தேன். பைப்புக்குள்ள இருந்ததைப் பத்தி எழுத மாட்டேன்.

பின்பக்கம் கெட்டியா இருந்த சிலிக்கானை வெட்டத்தான் பாதி நாள் ஓடிச்சு. பிளேடு உள்ள போகலை. கடைசியில மீன்பிடிக்கிற தங்கூஸ் நரம்பு ரெண்டு முழம் வாங்கி, ரெண்டு முனையிலயும் பென்சிலைக் கட்டி, கல்லுக்கும் சிங்க்குக்கும் நடுவுல விட்டு ரம்பம் இழுக்கிற மாதிரி இழுத்தேன். பத்து நிமிஷத்துல கேக் வெட்டின மாதிரி வந்துச்சு. இட்லிப் பானை அப்போதும் கீழேயே இருந்ததால சிங்க் அது மேல மெதுவா உட்கார்ந்துச்சு.

சுத்தம் பண்றது. பழைய சிலிக்கான் மேல புது சிலிக்கான் ஒட்டாதுன்னு கடைக்காரரே சொன்னார். அதனால சிங்க் விளிம்புல ஒரு நூல் கூட விடாம சுரண்டினேன். கல்லோட அடியை இரும்பு பிரஷ்ல தேய்ச்சு, ஈரத்துணியில துடைச்சு, காய விட்டு, அப்புறம் அசிட்டோன். பழைய வெள்ளை வேட்டியைக் கிழிச்சு வெச்சுக்கிட்டேன். முதல் துணி சாம்பல், ரெண்டாவது சாம்பல், மூணாவது லேசா சாம்பல். ஏழாவது துணிதான் வெள்ளையாவே திரும்பி வந்துச்சு. ஆறு துணி அளவுக்குப் பொடி அங்க இருந்திருக்கு.

பாக்ஸோட தரைப் பலகை வலது மூலையில ஊதிப்போய் அப்பளம் மாதிரி இருந்துச்சு. கார்பென்டர்கிட்ட அந்தப் பலகையை மட்டும் 710 மெரைன் பிளைல (தண்ணி தாங்குற பிளைவுட்) மாத்தச் சொன்னேன். அவரே ஆங்கிளுக்குக் கால் நாலையும் அறுத்துக் கொடுத்துட்டார். கல்லைத் தூக்கணும்னு சொன்னவர்தான், பாவம். ஆங்கிளைப் பார்த்ததும், "இது எனக்குத் தோணலை சார்"னார்.

முதல்ல பசை இல்லாம ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். நல்ல வேளை. முன் ஆங்கிள் தொட்டியோட வளைவுல இடிச்சுது. 5 மி.மீ. முன்னாடி தள்ளி வெச்சேன். அப்புறம் ராடு, பலகை, துண்டு, எல்லாம் மாமி சொன்னபடி. ஸ்பேனர்ல நட்டைச் சுத்தச் சுத்த சிங்க் மேல வர்றதைப் பார்க்கிறது ஒரு சந்தோஷம். கல்லுல வெட்டின ஓட்டை வழியா ஓரம் நேரா இருக்கான்னு பார்த்து டேப்ல குறி போட்டுட்டு, மறுபடி ஒரு அங்குலம் இறக்கி, சிலிக்கானை விளிம்பு மேல ரெண்டு வரிசை விட்டேன். திரும்ப ஏத்தினேன். உள்பக்கம் சிலிக்கான் புழு மாதிரி சுத்தி வர எட்டிப் பார்த்ததும் நிறுத்திட்டேன். சோப்புத் தண்ணியில விரலை நனைச்சு ஒரே இழுப்பா வழிச்சுவிட்டேன். ஆங்கிளைக் கீழ கொண்டுவந்து, காலுக்கும் ஆங்கிளுக்கும் நடுவுல மெல்லிய ஆப்பு தட்டி இறுக்கினேன்.

ஒரு சொதப்பல். சிங்க் பழையபடி மேல போனதும் வேஸ்ட் பைப் ஒரு அங்குலம் எட்டலை. அப்போதான் புரிஞ்சுது, இது ஒரே ராத்திரியில இறங்கினதில்லை. போன வருஷம் பைப் மாத்தினப்பவே சிங்க் கொஞ்சம் இறங்கியிருந்திருக்கு, அந்த உயரத்துக்கு அளந்து வெட்டியிருக்காங்க. புது பைப் வாங்க ராத்திரி எட்டு மணிக்கு ஓடினேன்.

செலவு: சிலிக்கான் ரெண்டு டியூப், ஆங்கிள், ராடு, பிளை, கார்பென்டர் கூலி, பைப் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து சொச்சம்.

#18 கண்ணாடிச்சுவர் | வெள்ளி காலை

அருமை. எந்த வகை சிலிக்கான்? வினிகர் வாடை அடித்ததா?

#19 மூணாவதுமாடி | வெள்ளி காலை

இல்லை. கடையில நியூட்ரல்னு கேட்டு வாங்கினேன். வாடை பெருசா இல்லை.

#20 கண்ணாடிச்சுவர் | வெள்ளி மதியம்

நல்லது. வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். கிரானைட் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்புக்கல் வகை, அமிலம் பட்ட இடம் வெளுத்துவிடும். கல் எதுவானாலும் நியூட்ரல் கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

ஒரு எச்சரிக்கை. டியூபில் 24 மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். அது மேல்தோலுக்கு. சிலிக்கான் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் காய்கிறது, ஒரு நாளுக்கு இரண்டு மூன்று மி.மீ. ஆழம் போகும். உங்கள் விளிம்பு ஒரு அங்குல அகலம், இரண்டு ஓரத்திலிருந்து மட்டுமே காற்று போக முடியும். நடுப்பகுதி காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சென்னைப் புழுக்கம் இந்த ஒரு விஷயத்துக்கு நல்லது. ராடை இரண்டு நாள் கழித்து எடுத்துவிடலாம், ஆங்கிள் இருக்கிறதே. ஆனால் கொதிக்கிற சோற்றுக் கஞ்சியை பத்து நாளைக்கு அதில் ஊற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

#21 ஸ்காபரோமாமி | வெள்ளி இரவு

தங்கூஸ் எண்டு சொல்லை எத்தினையோ வருசத்துக்குப் பிறகு கேக்கிறன். எங்கட அப்பா தூண்டிலுக்குக் கட்டிறது. சிங்க் வெட்டவும் உதவும் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

#22 அவசரக்குடுக்கை | சனி காலை

மாமா வீட்ல குனிஞ்சு பார்த்தேன். கடப்பா இருக்கு. சாண்ட்விச். மன்னிச்சுக்கோங்க.

#23 மூணாவதுமாடி | ஐந்து வாரம் கழித்து

போன ஞாயிறு சோதனை பண்ணினேன். விளிம்பு வரைக்கும் நிரப்பி, ராத்திரி முழுக்க விட்டு, கீழ நியூஸ் பேப்பர் விரிச்சு வெச்சேன். காலையில பேப்பர் மொறுமொறுன்னு அப்படியே இருந்துச்சு. கார்டு எங்கயும் நுழையலை.

அம்மா இதுக்கு நடுவுல சிங்க்குக்குப் பக்கத்துல ஒரு 60 லிட்டர் டிரம் வாங்கி வெச்சிருக்காங்க. கேட்டா, "உன் ஆங்கிளை நம்பறேன்டா, ஆனா டிரம்முக்கு மூடி இருக்குல்ல"ன்றாங்க.

எங்க பிளாக்ல எல்லா வீட்டு மேடையும் ஒரே டீம் போட்டது. வாட்ஸாப் குரூப்ல கார்டு சோதனையை எழுதினேன். இதுவரைக்கும் ஆறு வீட்ல நுழைஞ்சிருக்கு. பைப்புக்காரர் சார், நீங்க சென்னைப் பக்கமா?

#24 பைப்புக்காரர் | ஐந்து வாரம் கழித்து

ஈரோடு. ஆறு வீடுன்னா பஸ் ஏறலாம்.

#25 வாடகைவாசி | நேற்று

இழையை முழுசாப் படிச்சேன். எங்க வீட்ல கார்டு நாலு இடத்துல நுழையுது, முன்பக்கம் முழுக்க. கார்டோட போட்டோ எடுத்து ஹவுஸ் ஓனருக்கு அனுப்பினேன். "பாத்திரத்தை மெதுவாப் போடுங்க"ன்னு பதில் வந்திருக்கு.